சொல்லறிவு என்னும் மயக்கம்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச வழக்குகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

மட்டக்களப்புத் தமிழைப் பற்றி எழுதுவோர் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலின் கூற்றொன்றை எடுத்தாளாது விடுவது அரிது. பேச்சுத் தமிழின் கிளைமொழிகள் அனைத்தினுள்ளும் இலக்கிய வழக்கிற்கு மிக அண்மித்து நிற்பது மட்டக்களப்புப் பேச்சே என்றும், மிகப் பழைய கூறுகள் பலவற்றை அது பேணிவந்துள்ளது என்றும், 1966ஆம் ஆண்டு இலங்கைத் தமிழின் இயல்புகள் குறித்து எழுதிய கட்டுரையில் அவர் குறிப்பிட்டார். விழா மலர்களின் முன்னுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இக்கூற்றுக்கு நிலையான இடமுண்டு. நாமும் அதனைப் பலமுறை எடுத்தாண்டுள்ளோம். ஆயின் எத்தகையோரின் பேச்சைக் கருதி அவர் இதனைக் கூறினாரோ, அத்தகையோரிடம் சென்று அவர்களது சொற்களைப் பற்றி வினவினால் கிடைக்கும் முதல் விடை வியப்பூட்டுவதாகும். படுவான்கரை வயல்வாடி ஒன்றில், வாழ்நாள் முழுவதும் வயலில் உழைத்த முதியவர் ஒருவர், "எங்களுக்கெங்க சேர் தமிழ் தெரியும்? நாங்க கதைக்கிறது கொச்சைதானே" என்றார். அவ்வயலில் ஒருபோதும் கால் நனைத்திராத, அதே பிரதேசத்துப் பட்டதாரிகளிடம் அவ்வயலின் சொற்களைக் கூறி இவை தெரியுமா என்று கேட்டபோது, அநேகமாக எல்லாவற்றுக்கும் 'தெரியும்' என்ற விடையே கிடைத்தது. இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள உறவே இக்கட்டுரையின் பொருளாகும்.

பட்டதாரிகள் எனப் பிறரைச் சுட்டுவதற்கு முன்னர் எமது தவறொன்றைக் கூறிவிடுதல் நேர்மையாகும். சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் வருட மாணவர்களின் கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். மண்டூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் தமது ஊர்த் திருவிழாவை வருணிக்கையில், குருமண்வெளித் துறையில் நெடுநேரம் பாதைக்காகக் காத்து நின்றதாகவும், பாதை வந்ததும் சனங்கள் முண்டியடித்து ஏறியதாகவும் எழுதியிருந்தார். பாதை எவ்வாறு வரும்? அதில் எவ்வாறு ஏறுவது? சொற்பொருட் பிழை எனச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, 'பாதையில் நடந்து' என ஓரத்தில் திருத்தமும் எழுதிப் புள்ளியையும் குறைத்தோம். அடுத்த விடுமுறையில் களப்பணியின் பொருட்டு அதே துறைக்குச் சென்று நின்றபோதுதான், ஆட்களையும் துவிச்சக்கர வண்டிகளையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து வந்த தட்டையான பெரிய மிதவைக் கலத்தை, அங்கு நின்றோர் அனைவரும் 'பாதை' என வழங்குவதைக் கேட்டோம். எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்த துறைகள் பலவற்றில் இச்சொல்லே வழக்கு. மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டதோடு அவ்விடத்துப் பாதை தன் வேலையை இழந்தது.

மாணவியை அழைத்துத் தவறை ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொள்ளும்போதும் ஆசிரியத் தோரணை எம்மை விட்டகலவில்லை. வெளியூர் வாசகருக்கு விளங்கும்படி 'ஓடம்' என்று எழுதியிருக்கலாமே என்றோம். "ஓடம் வேற சேர், பாதை வேற" என்றார் அவர். அதற்கு மேல் கூறுவதற்கு எம்மிடம் எதுவும் இருக்கவில்லை.

இவ்விடத்துக் கவனிக்க வேண்டியது யாதெனில், அறியாத சொல்லொன்று எம்மை இடறச் செய்யவில்லை. அறியாத சொல்லாயின் அகராதியைப் புரட்டியிருப்போம், எவரிடமேனும் கேட்டிருப்போம். நன்கு தெரியும் என நாம் நம்பிய சொல்லே எம்மை ஏமாற்றியது. 'சூடு' என்ற சொல்லும் இத்தகையதே. வெட்டிய நெற்கதிரை அடுக்கிவைத்த குவியலைச் சூடு என்பதும், அதனை மிதித்து நெல்லைப் பிரிப்பதைச் சூடு மிதித்தல் என்பதும் இப்பிரதேசத்து வழக்கு. சங்க நூல்களைப் பயின்றோர் அப்பொருளை அங்கும் கண்டிருப்பர். எனினும் நகரத்துச் செவியில் சூடு என்றதும் வெப்பமே முந்தி நிற்கிறது. 'வேளாண்மை' என்பதைப் படித்தவர் பயிர்த்தொழில் முழுவதற்குமான பொதுச்சொல்லாகக் கொள்வர். குறள் படித்தவர் உபகாரம் என்பர். இங்குள்ள விவசாயிக்கோ வயலில் நிற்கும் நெற்பயிரே வேளாண்மை. வேளாண்மை கதிர்விடும், வேளாண்மையை வெட்டுவார்கள். பெரியநீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணன் (1931–1975) தமது காவியத்துக்கு 'வேளாண்மை' எனப் பெயரிட்டபோது இப்பொருளும் அதனுள் அடங்கியே இருந்தது. அக்காவியம் 1982இல் நூலாயிற்று. தலைப்பு விளங்கிவிட்டதென்ற நிறைவில் அதனைக் கடந்து செல்லும் வாசகர் பலர் உள்ளனர்.

இவ்வனுபவத்தின் பின் வகுப்பறையில் பயிற்சியொன்றை நடத்திப் பார்த்தோம். எண்ணிக்கை தருமளவுக்கு முறைப்படி அமைந்த சோதனையன்று அது. அத்தாங்கு, கரப்பு, வீச்சுவலை, மணலை, திரளி, ஒட்டி, கண்டல், தில்லை, வட்டை, வாடி, முல்லைக்காரன் முதலிய சொற்களைக் கரும்பலகையில் எழுதி, தெரிந்தவற்றுக்கு நேரே குறியிடுமாறு மாணவரைக் கேட்டோம். குறிகள் தாராளமாக விழுந்தன. பின்னர் அவற்றுள் இரண்டிரண்டை எடுத்து, ஒன்றுக்கும் மற்றையதற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதச் சொன்னோம். பேனாக்கள் நின்றன. 'ஒருவகை வலை', 'ஒருவகை மீன்', 'உவர்நிலத்து மரம்' என்பவற்றைத் தாண்டி எழுதியவர் சிலரே. முதலில் இட்ட குறிகளை அழித்துவிட அனுமதி உண்டா என ஒருவர் கேட்டார்.

மீனவர் குடும்பத்து மாணவர் ஒருவரின் தாள் மட்டும் வேறுபட்டிருந்தது. அத்தாங்கு, கரப்பு என்பவற்றுக்கு நேரே அவர் முதலில் குறியிடவில்லை. காரணம் கேட்டபோது, 'தமிழில்' அவற்றுக்கு வேறு பொருள் இருக்கக்கூடுமென அஞ்சியதாகக் கூறினார். ஆயின் இரண்டாவது வினாவுக்கு விடையாக ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தார். கரப்பு, மேலே குறுகியும் கீழே அகன்றும் இருபுறமும் திறந்திருக்கும் கூடை. ஆழமற்ற நீரில் நடந்து சென்று குத்திக் குத்தி, உள்ளே அகப்பட்டது தட்டுவதை உணர்ந்து, மேல்வாயால் கையை விட்டு மீனை எடுப்பது. அத்தாங்கு, வளையத்திற் பொருத்திய சிறு வலை, இறாலை அள்ளுவது. எந்நீரில் எது உதவும், எதனைப் பெண்களும் சிறுவரும் கையாள்வர், எதற்குத் துணையாள் தேவை என்றெல்லாம் அவ்விடை விரிந்தது. தெரியும் என்று கூறத் தயங்கியவருக்கே தெரிந்திருந்தது.

இம்மயக்கம் எமது வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. யேல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் பிராங்க் கீலும் லியோனிட் ரோசன்பிளிட்டும் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், அன்றாடம் கையாளும் பொருள்கள் இயங்கும் விதத்தைத் தாம் நன்கறிவதாக மக்கள் மதிப்பிடுவதையும், விளக்குமாறு கேட்டபின் அம்மதிப்பீட்டைத் தாமே குறைத்துக்கொள்வதையும் காட்டினர். ஜொனதன் கொமின்ஸ்கியுடன் சேர்ந்து கீல் 2014இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகச் சொற்களைப் பற்றியது. நெருங்கிய பொருளுடைய இரு சொற்களிடையே எத்தனை வேறுபாடுகளைத் தம்மாற் கூற முடியும் என முதலில் மதிப்பிடச் செய்து, பின்னர் அவற்றைக் கூறச் செய்தபோது, வளர்ந்தோரும் சிறுவரும் தம் அறிவை மிகைப்பட மதிப்பிட்டமை தெரியவந்தது. சிறுவரிடம் இது மேலும் கூடுதலாயிருந்தது. இது வெறும் தற்பெருமையின் விளைவு அன்று என்பதையும் அவர்கள் காட்டினர். மொழி தொடர்பான வேறொரு பணியில் அதே வகையான வளர்ந்தோர் தம் திறனைச் சரியாகவே கணித்தனர். பிறரிடம் உள்ள அறிவை நம்பியே சொல்லின் துல்லியமான பொருளை நாம் நிலைநிறுத்துகிறோம். அவ்வாறு நம்பியிருப்பதை உணராது அவ்வறிவு எம்மிடமே இருப்பதாகக் கருதிவிடுகிறோம் என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இவ்விளக்கத்தின் வேர் மெய்யியலில் உள்ளது. அமெரிக்க மெய்யியலாளர் ஹிலாரி புட்னம் 1975ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், தம் நாட்டில் பரவலாக வளரும் இருவகை மரங்களின் பெயர்களைத் தாம் தடையின்றி வழங்குவதாகவும், ஆயின் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறியத் தம்மால் இயலாதெனவும் ஒப்புக்கொண்டார். எனினும் அப்பெயர்கள் அவர் வாயிலும் வெவ்வேறு மரங்களையே குறிக்கின்றன. பிரித்தறிய வல்லோர் அச்சமூகத்தில் இருப்பதே அதற்குக் காரணம். இதனை மொழியுழைப்பின் பிரிவினை என அவர் அழைத்தார். எமக்கு இதற்கு அயல்நாட்டு மரங்கள் தேவையில்லை. தேவாரம் ஓதும் சைவர் எவரும் வாழ்நாளில் எண்ணற்ற முறை 'தில்லை' என்பர். அம்மரம் வாவிக்கரைச் சேற்றில் நிற்பது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்க வல்லது. விறகுக்காகவும் வேலிக்காகவும் கரையோரத்துக்குச் செல்வோர் அதனைத் தூரத்திலேயே அறிந்து விலகுவர். தில்லைக்கூத்தனைப் பாடிக்கொண்டே அதன் கிளையை முறிக்கக்கூடிய பண்டிதரை நாம் எளிதில் கற்பனை செய்யலாம். இன்றைய பாடநூல்களோ கரையோரச் சேற்றுத் தாவரங்கள் யாவற்றையும் 'கண்டல்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகின்றன.

புட்னமின் தொடரில் உள்ள 'உழைப்பின் பிரிவினை' என்ற பகுதியை அவரும் அவரைப் பின்பற்றியோரும் பெரிதும் அமைதியான ஒன்றாகவே கையாண்டுள்ளனர். மருத்துவருக்கு ஒன்று தெரியும், பொற்கொல்லருக்கு வேறொன்று தெரியும்; தேவையானபோது நாம் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம் என்பது போன்ற படிமமே அதில் எழுகிறது. ஆயின் வரலாற்றில் உழைப்பின் பிரிவினை இத்தகைய இணக்கத்துடன் நிகழ்ந்ததில்லை. உடலுழைப்பும் மூளையுழைப்பும் பிரிந்தபோதுதான் அப்பிரிவினை உண்மையான பிரிவினை ஆயிற்று என மார்க்சும் ஏங்கெல்சும் 1845–46இல் எழுதினர். சொல்லுக்கும் இது பொருந்தும். பொருளை அறிந்தோர் ஒரு பக்கமும், எது 'தமிழ்' என விதிக்கும் அதிகாரம் பெற்றோர் மறுபக்கமும் நிற்கின்றனர். பின்னையோர் முன்னையோரிடம் கேட்பது அரிது. கேளாதபோது தம் அறியாமை அவர்களுக்குப் புலப்படுவதும் இல்லை.

எமது கல்வி மரபு இதற்குத் துணைபோயிருக்கிறது என்பதே எமது கருத்து. திண்ணைப் பள்ளியில் நிகண்டு மனனம் செய்தவர், ஒரு சொல்லைக் கேட்டதும் அதற்கு ஈடான வேறு பல சொற்களை அடுக்க வல்லவராயினர். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்பன ஈட்டிய பயன் பெரிது. அவையின்றிப் பழைய இலக்கியங்கள் பல விளங்காதே போயிருக்கும். ஆயினும் சொல்லுக்குச் சொல் கூறுவதே பொருள் கூறுவதாகும் என்ற பழக்கத்தையும் அவை விட்டுச் சென்றன. பதவுரை எழுதுதலும் பொருள் எழுதுக என்னும் தேர்வு வினாவும் அதன் தொடர்ச்சியே. பொருளுக்குப் பொருள் தேடிச் சென்றால் அதற்கு முடிவில்லை என்றும், உணர்தல் என்பது உணர்வோரின் வன்மையைப் பொறுத்தது என்றும் உரியியலில் தொல்காப்பியர் எச்சரித்திருப்பதை நாம் மனனம் செய்தோம், பொருட்படுத்தவில்லை.

அகராதிகளும் இதிலிருந்து விலகவில்லை. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியும், 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியும் ஈழத்து உழைப்பின் பெரும் பேறுகள். எனினும் அவை உருவான களம் யாழ்ப்பாணம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டித் தந்தது. அதனைப் பயன்படுத்துவோர் நன்கறிந்த விளக்கங்கள் 'மீன்வகை', 'மரவகை', 'நெல்வகை' என்பன. அகராதிக்காரரைக் குறைகூறுவது எளிது. அத்துணைச் சொற்களைத் திரட்டியோர் ஒவ்வொரு மீனையும் பிடித்துப் பார்க்க இயலாது. ஆயின் 'மீன்வகை' என்ற விளக்கத்தை வாசித்தவர் அச்சொல்லை அறிந்துகொண்டதாக எண்ணி நூலை மூடிவிடுகிறார். கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது இல்லாதிருந்த இலங்கை வழக்குகள் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றமை இவ்வகையில் முக்கியமான முன்னேற்றமாகும். அதற்கும் வெகு முன்னரே, 1964இல் வெளியான 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலில் வித்துவான் வி. சீ. கந்தையா இப்பிரதேச வழக்குகளைக் கருத்தூன்றித் தொகுத்திருந்தார்.

இனி, வாவியை உலகறியச் செய்த பாடுமீனுக்கு வருவோம். இவ்விடயத்தில் எமக்குக் கிடைக்கும் சான்று மிகச் சுவையானது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1848ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலாக்கால இரவொன்றில் மீனவருடன் கோட்டைத் துறைக்கு அப்பால் தோணியிற் சென்று, நீரடியிலிருந்து எழுந்த ஒலிகளைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் அதிர்வுக்கு அவ்வொலியை ஒப்பிட்டார். அதனை எழுப்புவது ஊரியே என மீனவர் கூறி, சில ஊரிகளை அவரிடம் கொண்டுவந்தும் கொடுத்தனர். அதன் தமிழ்ப் பெயர் இதுவெனத் தமது நூலில் அவர் குறித்துள்ளதை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் 'ஊரி கூலீரூ கிராடூ' என்பது போல அமையும். 'அழும் சிப்பி' என அதற்குப் பொருளும் தந்து, சொல்லின் ஓசையே பொருளை எதிரொலிக்கிறது என வியந்துமுள்ளார். இலங்கை பற்றிய அவரது பெருநூல் 1859இல் வெளிவந்தது.

அவ்வெழுத்துகளை வாய்விட்டு உச்சரித்துப் பார்க்கும் தமிழர் எவருக்கும் ஓர் ஐயம் எழும். 'ஊரி குளிறுகிறது' அல்லது 'ஊரி குளறுகிறது' என்றே அது எமக்குக் கேட்கிறது. குளிறுதல், ஒலித்தல் என்னும் பொருளில் பழைய வழக்கிலுள்ள வினை. குளறுதல், ஓலமிடுதல் என்னும் பொருளில் ஈழத்துப் பேச்சில் இன்றும் உள்ளது. இரண்டில் எதுவாயினும், அது ஒரு பெயரன்று. எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம். தோணியில் இருந்த மீனவர் அக்கணத்தில் நிகழ்வதைக் கூறினார்: ஊரி ஒலிக்கிறது என்றார். ஆட்சியாளர் அதனை ஓர் உயிரினத்தின் பெயராக ஏட்டில் எழுதிக்கொண்டார். இது எமது ஊகமே. மீனவர் கூறியதை அவர் கேட்டெழுதியபடியன்றி வேறு வழியில் நாம் அறியோம். ஆயினும் இவ்வூகத்தைத் தவிர்ப்பது கடினம்.

டெனன்டை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. அவர் தோணியில் ஏறினார், மீனவரிடம் கேட்டார், அவர்கள் கூறியதைத் தாம் கேட்டபடி பதிந்தார். எம்மவரில் எத்தனை பேர் அவ்வளவேனும் செய்தோம்? அவ்வொலியை எழுப்புவது மீனா, ஊரியா, பிறிதொன்றா என்பது இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. எனினும் 'மீன்பாடும் தேனாடு' என்ற தொடர் எமது நாவில் சரளமாக உருள்கிறது. காரைதீவிற் பிறந்து, ஊரின் ஒவ்வொரு வழக்கையும் அறிந்திருந்த விபுலாநந்த அடிகளும் (1892–1947) இவ்வொலியை நீரரமகளிரின் இசையாகவே கற்பனை செய்தார். கவிஞருக்கு அவ்வுரிமை உண்டு. ஆயின் அக்கற்பனைகளே நிலைத்து, ஊரி மறக்கப்பட்டமை தற்செயலானதன்று. 'மட்டு' என்பதற்குத் தேன் என்ற இலக்கியப் பொருளும் உண்டு, எல்லை என்ற பொருளும் உண்டு. தோணியோட்டிகள் களப்பின் எல்லையை அடைந்து இட்ட பெயரே மட்டக்களப்பு என ஒரு மரபு கூறுகிறது. சிங்களப் பெயரோ சேற்றுக் களப்பு எனப் பொருள்படுவது. இவற்றுள் மேடைக்கு உகந்தது தேனாயிற்று. 'களப்பு' என்றால் யாது என இவ்வூர்ப் படித்தவரைக் கேட்டுப் பாருங்கள். தம் ஊர்ப்பெயரின் செம்பாதியைப் பாடநூலிற் கற்றே அறிந்தவர் பலர்.

சொல்லறிவு வர்க்கத்தோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதை வயலிற் காண்பது இன்னும் எளிது. மட்டக்களப்பின் மரபுவழி நெற்செய்கையில் நிலவுடைமையாளர் போடியார். அவருக்காக வட்டையில் வாடியிட்டுத் தங்கி, ஏனைய கூலியாட்களோடு செய்கையை நடத்துபவர் முல்லைக்காரன். நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர் வட்டவிதானை. நிலத்தின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும், வரம்பின் ஒவ்வொரு வகைக்கும், பயிரின் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய சொற்களோடு வாழ்பவர் முல்லைக்காரனும் அவரது ஆட்களுமே. களத்தில் வழக்கமான சொற்களை விலக்கி, நெல்லைப் 'பொலி' என்பது போன்ற வேறு சொற்களால் பொருள்களைச் சுட்டும் மரபும் அவர்களிடமே நிலவியது. பொலிப்பாட்டின் ஓசையை ஒலிபெருக்கியில் கேட்டு மகிழும் நகரத்துப் பேரப்பிள்ளை, அறுவடையை அளந்து வாங்கிய போடியாரின் வழியில் வந்தவராயிருக்கலாம். சொல் அவருக்கு விளைபொருளாகவே வந்து சேர்கிறது; அது விளைந்த விதம் அவர் கண்ணிற் படுவதில்லை. பொலியைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அதனைத் தானே விளைவித்ததாக எண்ணுவது போன்றதே அவரது சொல்லறிவும்.

இங்கு முற்போக்காளராகிய எம்மையும் விலக்கிவைக்க முடியாது. 1960களின் முற்பகுதியில் பேச்சுவழக்கை இலக்கியத்திற் கையாள்வதனை 'இழிசனர் வழக்கு' எனச் சிலர் கண்டித்தபோது, மக்கள் மொழியின் பக்கம் நின்று வாதாடியவர் எம் முன்னோடிகள். அவ்வாதத்தின் நியாயம் இன்றும் குன்றவில்லை. சொல் வர்க்கப் போராட்டத்தின் களம் என 1929இல் வொலோஷினொவ் எழுதியதை மேற்கோள் காட்டுவதிலும் நாம் பின்னிற்பதில்லை. ஆயின் மக்கள் மொழியை ஆதரித்தல் வேறு, அறிந்திருத்தல் வேறு. கதையொன்றில் 'கிறுகி', 'ஒண்ணா' போன்ற சில வடிவங்களைத் தூவிவிட்டு அதனை மண்வாசனை எனக் கொண்டாடிய எழுத்துகள் எம்மிடையே குறைவல்ல. அவற்றைப் பாராட்டி விமர்சனம் எழுதியோருள் நாமும் அடக்கம். பாதைக்கும் ஓடத்துக்கும் வேறுபாடு அறியாத ஒருவர் படுவான்கரை மக்களின் மொழியைப் பற்றி எழுதிய அவ்விமர்சனங்களை இன்று எடுத்து வாசிப்பது மகிழ்ச்சியான அனுபவமன்று.

இம்மயக்கத்தின் மறுபாதி பற்றி ஆய்வாளர் அதிகம் பேசுவதில்லை. மிகைமதிப்பீடு ஒரு பக்கம் நிகழும்போது குறைமதிப்பீடு மறுபக்கம் நிகழ்கிறது. இரண்டும் ஒரே வகுப்பறையில் உருவாகின்றன. 'பாதை வந்தது' என்ற வாக்கியத்தில் சிவப்புக் கோட்டைக் காணும் பிள்ளை, தனது சொல் பிழை என்பதோடு, தன் தாயின் பேச்சு தமிழன்று என்பதையும் கற்றுக்கொள்கிறது. அடுத்த கட்டுரையில் அது ஊரை எழுதாது. 'அதிகாலையில் சேவல் கூவியது' என்று எழுதும். புள்ளியும் கிடைக்கும். இவ்வாறு பாடசாலை விட்டு வெளியேறியவர்தாம் வயல்வாடியில் எம்மைக் கண்டதும் தமக்குத் தமிழ் தெரியாது என்கின்றனர். முஸ்லிம் கிராமங்களில் இது மேலும் ஒரு படி செல்கிறது. சோற்றுக்கு ஊற்றும் குழம்பை 'ஆணம்' என்பது அங்கு வழக்கு. தமிழகத்து முஸ்லிம்களிடையேயும் வழங்கும் இத்தமிழ்ச் சொல்லை அரபுச் சொல் எனத் தயக்கமின்றிக் கூறிய தமிழ்ப் பட்டதாரிகளை நாம் சந்தித்துள்ளோம். சொல்லைப் பற்றிய அறியாமை, சொல்லுக்குரியோரை அந்நியராக்கும் துணிவாகவும் மாறுகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. ஒரே வாவியின் கரைகளில் அடுத்தடுத்து வாழும் இரு சமூகங்கள் போரின் ஆண்டுகளில் பட்டவற்றை நினைவிற் கொள்வோருக்கு இது சிறிய விடயமாகத் தோன்றாது.

இன்று பிரதேசச் சொற்றொகுப்பு முயற்சிகள் ஆங்காங்கே நடைபெறுகின்றன. அவற்றில் ஈடுபடும் மாணவர்களிடம் நாம் வலியுறுத்துவது இரண்டு நடைமுறைகளையே. ஒன்று, சொல்லுக்கு ஈடான சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பாதிருத்தல். அதற்கு மிக நெருங்கிய மற்றொரு சொல்லைக் காட்டி, இது எவ்வாறு வேறுபடும் எனக் கேட்டு, கிடைக்கும் விடை முழுவதையும் கூறியவரின் வாய்மொழியிலேயே பதிதல். மற்றையது, அச்சொல்லை யார் எவ்வேலையின்போது வழங்குவர் என்பதைத் தாளில் குறித்தல். வள்ளத்தைச் செலுத்துபவர், வலை முடைபவர், மீன் விற்கும் பெண், மீன் வாங்கும் ஆசிரியர் ஆகிய நால்வரும் ஒரே மீன்பெயரால் ஒரே அளவு பொருளைக் குறிப்பதில்லை. காலமும் எமக்குச் சாதகமாயில்லை. வயலில் இயந்திரம் வந்தபின் சூடு மிதித்தலைக் கண்ணாற் கண்டோர் அருகி வருகின்றனர். பாலம் எழும் ஒவ்வொரு துறையிலும் பாதை என்னும் சொல் தன் பொருளொன்றை இழக்கிறது. பாலம் வேண்டாமென்று எவரும் கூறமாட்டார். பாதைக்காக நோயாளியுடன் இரவில் காத்து நின்றவர்களுக்கு அச்சொல் மறைவதில் வருத்தமில்லை.

அம்மாணவியின் தாளில் குறைத்த புள்ளியைத் திரும்ப வழங்கினோம். எமது சேகரிப்பில் உள்ள சொற்றாள்களை அண்மையில் மீண்டும் பார்வையிட்டபோது, எமது கையெழுத்திலேயே 'மீன்வகை' என்று மட்டும் எழுதப்பட்ட தாள்கள் பல இருக்கக் கண்டோம். அவற்றைப் பிரித்துத் தனிக்கட்டாகக் கட்டிவைத்துள்ளோம். வரும் விடுமுறையில் குருமண்வெளித் துறைக்குச் செல்லும்போது அக்கட்டையும் எடுத்துச் செல்வதாக உள்ளோம்.